வில்லியம் கிரீவ்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் குறிப்பிட்டிருந்ததால் வில்லியம் கிரீவ்ஸின் 'சிம்பயோசைக்கோடாக்ஸிபிளாசம்: டேக் ஒன்' பார்த்தேன். பூங்காவில் ஒரு தம்பதி சண்டை போடுகிறார்கள். அதே வசனத்தை வேறு நடிகர்கள் மறுபடி பேசுகிறார்கள். என்ன எடுக்கிறோம் என்று இயக்குநருக்கே தெரியவில்லை. இவரா பெரிய ஆவணப்படக்காரர்? அமெரிக்க அரசின் பிரச்சாரத் துறைக்கும் வேலை செய்தவராமே?

க.
திண்டுக்கல்

அன்புள்ள க.,

இயக்குநருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உங்களுக்கு முன்பே அவருடைய படக்குழுவினர் சொல்லிவிட்டார்கள், அந்தப் படத்திலேயே. 1968இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு கேமரா நடிகர்களையும், இன்னொன்று படக்குழுவையும், மூன்றாவது சுற்றி நடக்கும் அனைத்தையும் எடுத்தது. பொறுமையிழந்த குழுவினர் கிரீவ்ஸ் இல்லாத நேரத்தில் கூடி, அவருடைய திறமையை அலசி, அந்த விவாதத்தைத் தாங்களே படம்பிடித்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை அப்படியே படத்தில் சேர்த்துக்கொண்டார். அவர் எதிர்பார்த்திருந்ததே அந்தக் கலகத்தைத்தான். நீங்கள் பார்த்த அசட்டு இயக்குநர், ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நடிப்புப் பயிற்சிக் கூடத்தில் பயின்ற கிரீவ்ஸ் தானே ஏற்ற வேடம்.

நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில் 1926இல் பிறந்த கிரீவ்ஸ் நடனத்திலும் நாடகத்திலும் தேறியவர். 1950 வாக்கில் பிராட்வே நாடகம் ஒன்றில், கறுப்பினத்தவரைக் கோமாளியாக்கும் வேடத்தைக் கொடுத்தபோது ஒத்திகையிலிருந்து வெளியேறினார். மற்றவர் எழுதித் தரும் வேடத்தைவிட, தானே எடுக்கும் படம் மேல் என்று முடிவு செய்தார். அன்றைய அமெரிக்காவில் கறுப்பின இளைஞருக்குப் படத்தொகுப்பு மேசையருகே யார் இடம் கொடுப்பார்கள்? 1952இல் கனடா போனார். அங்கே தேசியத் திரைப்பட வாரியத்தில் கீழ்நிலையில் தொடங்கி, ஏறத்தாழ 80 படங்களில் பணியாற்றினார். மாண்ட்ரியல் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த 'எமர்ஜென்சி வார்ட்' (1959) அந்தப் பள்ளியின் விளைச்சல்.

பிரச்சாரம் பற்றி: ஆம், அமெரிக்கத் தகவல் முகமைக்காக 1966இல் செனகலின் டக்காரில் நடந்த முதல் உலக நீக்ரோ கலை விழாவைப் படமாக்கினார். தன் நாட்டில் கறுப்பினத்தவரை நடத்திய விதத்தால் வந்த கெட்ட பெயரை வெளிநாடுகளில் சரிக்கட்ட அந்த முகமைக்கு இப்படிப்பட்ட படங்கள் தேவைப்பட்டன. கிரீவ்ஸுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸையும் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனையும் ஆப்பிரிக்க மண்ணில் அப்படிக் காட்டிய படத்தை, பணம் வந்த வழியைச் சொல்லி ஒதுக்க எனக்கு மனமில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த முகமையின் படங்களை அமெரிக்காவுக்குள் திரையிடச் சட்டத்தில் தடை இருந்தது.

நான் அதிகம் யோசிப்பது அதே 1968இல் நடந்த இன்னொரு கலகத்தைப் பற்றி. பொதுத் தொலைக்காட்சியில் 'பிளாக் ஜர்னல்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. கறுப்பினத்தவருக்காகக் கறுப்பினத்தவரே நடத்துவது என்று விளம்பரம். தலைமைத் தயாரிப்பாளரோ வெள்ளையர். ஊழியர்கள் சில வாரங்களிலேயே வேலையை நிறுத்தினார்கள். அதன் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்தவர் கிரீவ்ஸ். 1970இல் நிகழ்ச்சி எம்மி விருது பெற்றது. பூங்காவில் தன் அதிகாரத்தையே கேள்விக்கு விட்டவர், தொலைக்காட்சி நிலையத்தில் அதிகாரத்தை விடாமல் பற்றிக்கொண்டார். இதில் முரண்பாடு இல்லை. கையில் அதிகாரம் இருப்பவரால்தான் அதை வைத்து விளையாட முடியும். ஒரு கறுப்பின இயக்குநருக்கு அந்த விளையாட்டே அன்று புதிது.

சென்ட்ரல் பார்க் படத்தை அன்று வாங்குவாரில்லை. கான் திரைப்பட விழாவுக்கான திரையிடலில் ரீல்களை வரிசை மாற்றி ஓட்டிவிட்டார்கள் என்று கிரீவ்ஸ் பின்னாளில் சொன்னார். (இந்தப் படத்தில் அதைக் கண்டுபிடிப்பதும் சுலபமல்ல!) 1991இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய படங்களைத் திரையிட்ட பிறகே அது பேசப்பட்டது. 2014இல் அவர் மறைந்தார்.

முதலில் நீங்கள் 'ஐடா பி. வெல்ஸ்: எ பேஷன் ஃபார் ஜஸ்டிஸ்' (1989) பார்த்திருக்க வேண்டும். கும்பல் கொலைகளை எதிர்த்து எழுதிய பத்திரிகையாளரின் கதை. அவருடைய எழுத்தை நாவலாசிரியர் டோனி மாரிசன் வாசிக்கிறார். குத்துச்சண்டை பிடிக்குமென்றால் அலி – ஃபிரேசியர் மோதலைப் பற்றிய 'த ஃபைட்டர்ஸ்' இருக்கிறது. பூங்காவுக்கு அதன் பிறகு திரும்புங்கள்; அப்போதும் எரிச்சல் வந்தால் எழுதுங்கள்.