குத்துச்சண்டைக்கு நெடுந்தூர ஓட்டமா, ஸ்பிரிண்டா?

தக்கலைப் பக்கத்திலிருந்து 17 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் காலையில் 8 கிலோமீட்டர் ஓடுகிறாராம். ஆனாலும் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) இரண்டாவது ரவுண்டு பாதியிலேயே கை தொங்கிவிடுகிறது. "நெடுந்தூரம் ஓடுவதெல்லாம் பழைய முறை, ஸ்பிரிண்ட் மட்டும் அடி" என்று, முழு வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடுவதைச் சொல்கிறார்கள் கூட்டாளிகள். எதைக் கேட்பது?

நாகர்கோவில் பக்கம் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி எங்களிடமும் ஓயாமல் வரும். தம்பி, நெடுந்தூர ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் இப்போது ஓடுகிற விதத்தை மாற்றியே ஆக வேண்டும்.

முதலில் ரிங்குக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அமெச்சூர் போட்டி என்றால் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, நடுவில் 1 நிமிட ஓய்வு. அந்த 3 நிமிடமும் யாரும் இடைவிடாமல் குத்துவதில்லை. இரண்டு மூன்று வினாடி சரமாரியாக விழும், அப்புறம் சுற்றி வருவார்கள், மறுபடி உள்ளே போவார்கள். அந்தச் சரமாரிக்கு வேண்டிய சக்தி தசைக்குள் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. முழு வேகத்தில் போனால் அது ஏறக்குறைய பத்து வினாடிக்குத்தான் வரும். தீர்ந்ததைத் திரும்ப நிரப்புவது ஆக்சிஜன். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி எல்லோருக்குமே சின்னதுதான், கீழே ஓடும் மோட்டார் எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அந்த மோட்டாரைப் பெரிதாக்குவது மெதுவான நீண்ட ஓட்டம். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடும், தசைக்குள் நுண்குழாய்கள் பெருகும். ஸ்பிரிண்ட் அடிப்பவனுக்கு முதல் ரவுண்டில் கை பறக்கும். மூன்றாவது ரவுண்டிலும் அதே வேகம் இருக்க வேண்டுமானால் அடியில் இந்த மூச்சு வேண்டும்.

அப்படியானால் 8 கிலோமீட்டர் ஓடியும் உங்களுக்கு ஏன் பலன் இல்லை? நீங்கள் ஓடுவது நடுவாந்தர வேகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதே சாலை, அதே தூரம், நேற்றைவிட ஒரு நிமிடம் குறைக்கப் பார்ப்பது. எங்கள் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். மெதுவான ஓட்டம் தரும் பலனை நிம்மதியாகச் சேர்க்க விடாத அளவுக்கு வேகம், ஸ்பிரிண்ட் என்று சொல்ல முடியாத அளவுக்கு மெது. கால் மட்டும் தினமும் களைத்துப் போகும், அந்தக் களைப்போடு சாயங்காலம் ஸ்பாரிங்குக்கு வருவீர்கள்.

வாரத்தில் மூன்று நாள், 35 முதல் 45 நிமிடம், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். உங்கள் வயதுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130-லிருந்து 150-க்குள் இருந்தால் சரி. முதல் வாரம் இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று தோன்றும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை அனந்தனார் சானல் கரையில் ஓடவிட்டு, "மக்களே, பேசிக்கிட்டே ஓடுங்க" என்றுதான் சொல்வேன். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்பிரிண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள், கடுமையான ஸ்பாரிங்குக்கு மறுநாள் மட்டும் வேண்டாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் ஏற்றத்துக்கா பஞ்சம்? ரப்பர்த் தோட்டத்துப் பாதையில் வண்டி வராத ஓர் ஏற்றமாகப் பாருங்கள். நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 10 வினாடி முழு வேகத்தில் மேலே ஏறுங்கள், நடந்தே இறங்குங்கள், இரண்டு நிமிடம் ஆகட்டும், மறுபடி ஏறுங்கள். ஆறு தடவையில் ஆரம்பித்து மெல்லப் பத்துக்குக் கொண்டுபோகலாம். வேகம் விழ ஆரம்பித்ததும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கையை முடிப்பதில் லாபமே இல்லை. சமதளத்தைவிட ஏற்றத்தை நான் விரும்புவதற்குக் காரணம், அடி நீளம் குறைவதால் தொடையின் பின்தசை அவ்வளவாக இழுபடாது, கால் தரையில் விழும் அதிர்ச்சியும் குறைவு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. செம்மண் வழுக்கும் நாளில் ஏற்றத்தை விட்டுவிட்டு ஸ்கிப்பிங் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் ஓடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சொத்தவிளை, சங்குத்துறை மணலில் ஓடுவது நல்ல வேலைதான். இளகிய மணலில் அதே வேகத்துக்குச் சாலையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும், அதனால் மெதுவான ஓட்டம் என்று போனது தானாகவே கடும் ஓட்டமாகிவிடும். ஈரமணலில் ஓடுங்கள். கரை சரிவாக இருப்பதால் போன வழியிலேயே திரும்பி வாருங்கள், இரண்டு காலுக்கும் பாரம் சமமாகும்.

"நாலு நிமிடம் போதும்" என்று தபாட்டா பயிற்சியைக் காட்டுவார்கள். 20 வினாடி கடுமை, 10 வினாடி ஓய்வு என்ற 1996 ஜப்பானிய ஆய்வு அது. சைக்கிள் மிதிக்க வைத்துச் செய்தார்கள். அந்த நாலு நிமிடக் குழுவும் வாரத்தில் ஒரு நாள் 30 நிமிடம் சீராக மிதித்தது என்பதை யாரும் சொல்வதில்லை. ஸ்பிரிண்ட் கூட்டத்தார் பேச்சிலும் நியாயம் உண்டு. பழைய ரோடு வொர்க், அதாவது சாலையில் நெடுந்தூரம் ஓடும் பயிற்சி, வளர்ந்தது தொழில்முறைப் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டாக இருந்த காலத்தில். 1982 நவம்பர் சண்டைக்குப் பிறகு கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்துபோனார், அதன்பின்தான் பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 ரவுண்டாகக் குறைந்தன. உங்களுக்கோ மொத்தமே 9 நிமிடம். ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று. கை தொங்குவதற்கு ஓட்டம் மட்டும் காரணமாக இருக்காது. புதிதாக ஸ்பாரிங் செய்கிறவர்கள் தோளை இறுக்கிக்கொண்டு, குத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் எவ்வளவு ஓடியும் ஒரு நிமிடத்தில் தோள் கனத்துவிடும். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சு வெளியே வருகிறதா என்று உங்கள் மாஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

போட்டி தேதி தெரிந்ததும், ஐந்தாறு வாரம் முன்பிருந்து ஒரு மெது ஓட்டத்தை எடுத்துவிட்டு, 3 நிமிடம் கடுமையாக ஓடி 1 நிமிடம் நடப்பதை நான்கு தடவை செய்யுங்கள். கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கலாம். எடை இறங்கவில்லை என்று பிளாஸ்டிக் கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடாதீர்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் வேர்வை காயவே காயாது, உடம்பு சூடு இறங்க வழியில்லாமல் ஆபத்தாகிவிடும். அந்த எடையில் இறங்க முடியவில்லை என்றால் அடுத்த எடைப் பிரிவில் ஆடுங்கள்.