இன்டர்கூலரை முன்பக்கம் மாற்றினால் டர்போ லேக் கூடுமா?

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரில் எஞ்சின் மேலுள்ள இன்டர்கூலரை (டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பம்பருக்குப் பின்னால் கொண்டுபோனால், பைப் நீண்டு லேக் (ஆக்ஸிலரேட்டரை மிதித்த பின் டர்போவின் உந்துதல் வர ஆகும் தாமதம்) கூடுமா என்று கேட்கிறீர்கள். கூடும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 63 மி.மீ. உள்விட்டம், 2 மீட்டர் நீளம் என்றால் கொள்ளளவு சுமார் 6 லிட்டர். 1 பார் பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலாக டர்போ தரும் அழுத்தம்) ஏற இன்னொரு 6 லிட்டர் காற்று அதற்குள் போக வேண்டும். 2 லிட்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்குக் கிட்டத்தட்ட 50 லிட்டர் இழுக்கிறது. அதே வேகத்தில் காற்று வந்தால் பைப் நிரம்ப 0.12 நொடிதான். லேக்கின் பெரும்பகுதி டர்போவுக்குள் எஞ்சின் புகை சுழற்றும் சக்கரமான டர்பைன் வேகமெடுக்க ஆகும் நேரம்.

அதற்காக 76 மி.மீ. பைப் போட்டுவிடாதீர்கள், கொள்ளளவு 9 லிட்டராகிவிடும். கூர்மையான வளைவுகளையும் குறையுங்கள். எல்லாவற்றையும்விட சிலிக்கோன் ஹோஸ் கிளாம்ப்களைப் பாருங்கள். பூஸ்ட் ஏறும்போது மட்டும் கசிவதைப் பலர் லேக் என்று நினைத்துவிடுகிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவி அளவாகக் காற்றழுத்தம் கொடுத்தால் குமிழே காட்டிக்கொடுத்துவிடும்.