திடல் பழைய வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது, பிள்ளைகள் கால்பந்து ஆடும் திடல் வாகன நிறுத்தமாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். கையெழுத்து திரட்டுவதற்கு முன், பழைய மனை வரைபடத்தில் அந்த இடம் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள். திறந்தவெளி என்றோ விளையாட்டிடம் என்றோ இருந்தால் உங்கள் வாதம் வலுவாகும். ஏனெனில், பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துப் பெங்களூருவாசிகள் தொடுத்த வழக்கில், அது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலோ பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. எந்தக் குறிப்பும் இல்லையென்றால், புதிய வரைபடம் ஒப்புதலுக்குப் போகும் முன்பே திடலின் நீள அகலத்தை அளந்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிந்தினால் ‘பசுமைப் பகுதி’ என்ற பெயரில் ஓரமாக ஒரு புல்துண்டு மிஞ்சும், அதில் பந்து உதைக்க முடியாது.