லோகன்பெரி வைக்குமுன் வேலியை அளந்து பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு வந்து முதல் கோடையைப் பார்க்கும் தம்பிக்கு வணக்கம். நீங்கள் கேட்டவை நான்கு: வாடகை வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் லோகன்பெரி என்ற, சிவந்த புளிப்புப் பழம் தரும் படர்செடியை வைத்தால் எவ்வளவு பெரிதாகும், செடி பிடித்துக்கொண்டால் ஒரு கிளையை அம்மாவின் மொட்டை மாடித் தொட்டிக்கு எடுத்துச் செல்லலாமா, எந்த வங்கியில் கணக்குத் தொடங்குவது, குளிர்காலக் கோட்டு எங்கே மலிவு. கடைசி இரண்டுக்கும் பதில் சொல்ல நம்மவர் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கேட்காமலே சொல்வார்கள். செடியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கடையில் சிறு தொட்டியில், முழங்கால் உயரத்தில், ஒரு மூங்கில் குச்சியோடு கட்டி வைத்து விற்கும் அந்தச் செடியின் உருவத்தை வைத்து இடம் ஒதுக்காதீர்கள். வேர் பிடித்த லோகன்பெரி ஒரே கோடையில் 6 முதல் 10 அடி நீளத்துக்குத் தண்டு விடும்; அப்படிப்பட்ட தண்டுகள் ஒரு தூரிலிருந்து பத்து வரை கிளம்பும். அவை மேலே நிமிர்ந்து நிற்பதும் இல்லை. சற்றுத் தூரம் எழுந்து, பிறகு வளைந்து, பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காவிட்டால் தரையில் படுத்து ஓடும். ஆகவே இந்தச் செடிக்கு உயரத்தைக் காட்டிலும் அகலமே கணக்கு. நட்ட இடத்திலிருந்து இருபுறமும் சேர்த்து 8 முதல் 12 அடி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள வேலிப் பலகை ஒன்று 6 அடி அகலம். அதாவது ஒரு செடிக்கு இரண்டு பலகை முழுவதுமாகப் போய்விடும். வரிசை வீடுகளின் தோட்டங்கள் பெரும்பாலும் 15 அடி அகலத்தைத் தாண்டுவதில்லை என்பதால், கடைசி வேலியை அதற்குக் கொடுத்துவிட்டால் அங்கே வேறொன்றுக்கும் இடமில்லை. இரண்டு செடி வாங்கலாமா என்று தோன்றும். வேண்டாம், ஒரே செடி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், துணைச் செடி தேவையில்லை.

அது ஏன் இப்படிப் படர்கிறது என்றால், பிறப்பு அப்படி. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் நீதிபதியாக இருந்த ஜேம்ஸ் ஹார்வி லோகன் என்பவர் 1880களின் தொடக்கத்தில் தம் வீட்டுத் தோட்டத்தில் நல்ல பிளாக்பெரி வகை ஒன்றை உருவாக்க முயன்றபோது, அந்தக் கடலோரத்துக் காட்டுப் பிளாக்பெரியின் வழிவந்த ஒரு செடியும் அருகிலிருந்த ரெட் ஆண்ட்வெர்ப் என்ற ராஸ்ப்பெரியும் தாமாகவே கலந்து பிறந்தது இது. நிறம் ராஸ்ப்பெரியிடமிருந்து வந்தது. தரையில் ஓடும் குணம் அந்தக் காட்டுச் செடியிடமிருந்து வந்தது. இங்கிலாந்துக்கு அது 1890களின் இறுதியில் வந்து சேர்ந்தது. பழைய வீடுகளின் பின்வேலியில், யார் வைத்தது என்று தெரியாமல் அது கிடப்பதை நீங்களும் பார்ப்பீர்கள்.

நான் பார்த்தது கெண்ட் மாவட்டத்தின் கில்லிங்கமில், வந்த புதிதில் எடுத்த வாடகை வீட்டில். எனக்கு முன் குடியிருந்தவர்கள் பல ஆண்டுகள் கத்தரி படாமல் விட்டிருந்த செடி, பின்கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அளவுக்கு வந்திருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில், ஆறு குடும்பங்கள் ஒரு குழாயடியைப் பங்கிட்ட ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டம் என்பது ஒரு துளசியும், பெயின்ட் டப்பாவில் ஒரு ரோஜாவும், அரிசி களைந்த தண்ணீரும்தான். பழத்தையோ, கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்கு இடம் மாறுவதற்கு முன் அப்பாவோடு போய், கூடையிலும் மூட்டையிலும்தான் பார்த்திருக்கிறேன். மண்ணில் நிற்கும் செடி எத்தனை அடி போகும் என்ற கணக்கே நம் பக்கத்துப் பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்காது, தம்பி. அதனால்தான் அடிக்கணக்கில் இவ்வளவு எழுதுகிறேன்.

அந்தப் புதரை வெட்டித் திறந்தபோதுதான் அதன் வளர்ச்சி முறை விளங்கியது. ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டு ஆண்டு. முதல் ஆண்டில் இலையும் நீளமும் மட்டும்; இரண்டாம் ஆண்டு கோடையில் அதே தண்டு பக்கக் கிளை விட்டு, பூத்து, ஜூலையிலிருந்து காய்த்து, பிறகு காய்ந்துவிடும். இதற்கிடையில் அடுத்த தலைமுறைத் தண்டுகள் அடியிலிருந்து எழுந்துவிடும். ஆகவே இரண்டாம் கோடையில் செடி சட்டென்று இருமடங்காகத் தெரியும். புதிதாக வந்தவர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் தரையோடு வெட்டி, மறு ஆண்டு பழமே இல்லை என்று செடியைத் திட்டுவது இந்தக் கட்டத்தில்தான். காய்த்து முடித்த பழைய தண்டை மட்டும் அடியோடு வெட்ட வேண்டும். புதியதைத் தொடக்கூடாது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, குறுக்குக் கம்பிகளை ஓர் அடிக்கு ஒன்றாக ஆறடி வரை கட்டி, காய்க்கும் தண்டுகளை இடப்பக்கமும் வளரும் தண்டுகளை வலப்பக்கமும் விசிறிபோல் விரித்துக் கட்டுவது. மறு ஆண்டு பக்கங்கள் இடம் மாறும். மே முதல் ஆகஸ்ட் வரை வாரத்துக்கு ஒருமுறை கட்டாவிட்டால் அது தன் விருப்பத்துக்குப் போய்விடும்.

அடுத்த எச்சரிக்கை நுனியைப் பற்றியது. கோடைக் கடைசியில் வளைந்து மண்ணைத் தொடும் நுனி அங்கேயே வேர்விட்டுப் புதுச் செடியாகிவிடும். நம் ஊரில் மல்லிகைக்கு நாம் முயன்று போடும் பதியத்தை இது யாரும் கேட்காமலே போட்டுக்கொள்கிறது. பக்கத்து வீட்டு மண்ணிலும் போடும். எல்லையைத் தாண்டி வந்த கிளையைத் தம் பக்கம் வெட்டிக்கொள்ள அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன் வரும் முகச்சுளிப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். வேலி அவர்களுடையதாக இருந்தால் அதில் ஆணி அடிக்காதீர்கள், தனிக் கம்பம் நடுங்கள். முள்ளில்லாத வகையையே வாங்குங்கள். ஆனால் அதன் தூரைச் சுற்றி ஆழமாகக் கொத்தாதீர்கள். பழைய முள்ளில்லா வகைகளில் மேல்தோல் மட்டுமே முள் இழந்தது. காயம்பட்ட வேரிலிருந்து கிளம்பும் கன்று முள்ளோடுதான் வரும்.

வாடகை வீட்டில் வைக்கலாமா என்றால், வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் மண்ணில் வைக்காதீர்கள். நான் அந்தக் கில்லிங்கம் வீட்டைக் காலி செய்தபோது, எனக்கு முன்பே இருந்த புதருக்குத் தோட்டம் துப்புரவு செய்த கூலி என்று சொல்லி முகவர் என் அட்வான்ஸில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். 2007-க்குப் பிறகு அட்வான்ஸைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வைக்க வேண்டும் என்று இங்கே சட்டம் வந்துவிட்டது, உங்களுக்கு வழக்காட வழி உண்டு. எனக்கு அன்று இல்லை. சம்மதம் கிடைக்காவிட்டால் ஒன்றரை அடி அகலத்துக்குக் குறையாத பெரிய தொட்டியில் வையுங்கள். வளர்ச்சி கட்டுக்குள் இருக்கும், காய்ப்பும் குறையும், தண்ணீர் அடிக்கடி வேண்டும். வீடு மாறும்போது உடன் வரும்.

இந்த இடத்தில் நம்மவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொந்த வீடு வாங்கியதும் முதல் வேலையாகத் தோட்டத்தை சிமென்ட் போட்டு மூடி, கார் நிறுத்த இடம் செய்பவர்கள் ஒரு வகை. கண்ணாடிக் கூண்டுக்குள் முருங்கையை வைத்து, அது பிழைத்திருப்பதையே சாதனையாக விருந்துக்கு விருந்து சொல்லிக்கொள்பவர்கள் இன்னொரு வகை. இந்த மண்ணுக்குப் பழகிய செடியை வளர்த்து நம் அடுப்புக்குக் கொண்டுவருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. லோகன்பெரி பச்சையாகத் தின்னப் புளிக்கும். சிவப்பு கறுத்து, கையோடு வரும்வரை காத்திருந்தாலும் புளிப்பு விடாது. எங்கள் வீட்டில் அதை நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயப் பொடி, மிளகாய்த் தூள், வெல்லம் சேர்த்துத் தொக்காகக் கிளறுகிறோம். தயிர்சாதத்துக்கு அதைக் கேட்டு வருபவர்களில் அந்த முருங்கைக்காரர்களும் உண்டு.

இனி அம்மாவின் மொட்டை மாடி. எடுத்துச் செல்லாதீர்கள். முதலாவது, இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் இல்லாமல் செடியின் எந்தத் துண்டையும் பெட்டியில் வைத்து இந்தியாவுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. இரண்டாவது, இந்தச் செடி சரியாகப் பூக்க 7 டிகிரிக்குக் கீழான குளிர் நூற்றுக்கணக்கான மணி நேரம் வேண்டும்; நம் தண்டையார்பேட்டையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கடலோரத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பு வேறு. அம்மாவுக்கு அந்த நிறமும் புளிப்பும்தான் ஆசை என்றால் முசுக்கொட்டை (மல்பெரி) செடி ஒன்றை மாதவரம் பக்கத்து நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். சென்னை வெயிலில் தொட்டியிலும் காய்க்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

உங்களுக்கு இங்கே அவசரம் இல்லை. வெறும் வேரோடு விற்கும் செடிகள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் கிடைக்கும், தொட்டிச் செடியைவிட விலையும் குறைவு. அதற்குள் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் எழுதிப் பதில் வாங்கிவிட்டு, வேலியின் நீளத்தையும் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எங்கே நடுவது என்று அப்போது சொல்கிறேன்.