உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டு வருஷமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று அடித்துப் போட்டாற்போல் வலி. எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்கிறார்கள். பிறகு ஏன் வலிக்கிறது?

டெஸ்ட் நார்மல் என்றால், அந்த டெஸ்ட் தேடிய நோய் இல்லை என்றுதான் பொருள். வலியே இல்லை என்று ஆகாது. இப்படி உடம்பெல்லாம் வலிப்பது ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயாக இருக்கலாம். அதற்கு ரத்தத்திலோ ஸ்கேனிலோ அடையாளம் கிடையாது. நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுவதுதான் இதில் கோளாறு. அதனால் கேட்டும் தொட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1990-இல் வந்த முறைப்படி உடம்பில் 18 இடங்களைக் கட்டைவிரலால், நகம் வெளுக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 4 கிலோ அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். உடம்பெல்லாம் மூன்று மாதமாக வலி இருந்து, இதில் 11 இடங்களிலாவது வலித்தால் நோய் உண்டு. இன்றும் சிலர் இதையே செய்கிறார்கள். ஆனால் 2016-இல் திருத்திய முறையில் அழுத்திப் பார்ப்பது அவசியமில்லை, இரண்டு கணக்குகள் போதும். முதலாவது, கடந்த ஒரு வாரத்தில் 19 இடங்களில் எத்தனை வலித்தன என்பது. கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, மார்பு, வயிறு ஆகியவை ஐந்து. தாடை, தோள், மேற்கை, முன்கை, இடுப்புப் பக்கம், தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றில் இடம் வேறு, வலம் வேறு என்று எண்ண வேண்டும். இரண்டாவது, அசதி, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை, ஞாபகத் தடுமாற்றம் மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு கடந்த ஆறு மாதத்தில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடும்.

இடங்கள் 7-ம் அதற்கு மேலும், மதிப்பெண் 5-ம் அதற்கு மேலும் இருக்க வேண்டும். இடங்கள் 4 முதல் 6 வரைதான் என்றால் மதிப்பெண் 9-ஐத் தொட வேண்டும். இரண்டு கைப்பக்கம், இரண்டு கால்பக்கம், நடு உடம்பு என்ற ஐந்து பகுதிகளில் நான்கிலாவது வலி இருந்து, மூன்று மாதமாகத் தொடரவும் வேண்டும். ஏற்கெனவே மூட்டு வாதமோ தைராய்டோ இருப்பவருக்கும் இது கூடவே வரலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்து யாரிடம் போக?

ருமட்டாலஜி, அதாவது வாதநோய்ப் பிரிவு. பெயர்ப்பலகையில் டி.எம். (மேற்படிப்புப் பட்டம்) ருமட்டாலஜி அல்லது டி.எம். கிளினிக்கல் இம்யூனாலஜி என்று இருக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் மூன்றிலும் இதற்குத் தனித் துறை உண்டு. அரசு மருத்துவமனை என்றால் முதலில் பொது மருத்துவத்தில் ஓ.பி. சீட்டு போட்டு, அங்கிருந்து எழுதி வாங்கிப் போவது சுலபம்.

உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம் இருக்கலாம். பழைய ஃபைலைப் புரட்டுவதிலேயே அது கரைந்துவிடும். ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி தொடங்கிய மாதம், அதற்கு முன் சிக்குன்குனியா மாதிரிக் காய்ச்சல் வந்ததா, காலையில் விரலை முழுசாக மடக்க எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த மூட்டாவது கண்ணுக்குத் தெரிய வீங்கியதா, எந்த மாத்திரை எத்தனை நாள் போட்டுக் கேட்டது அல்லது கேட்கவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை, பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வாங்கிய பொடி இரண்டையும் மறைக்காதீர்கள். முதலாவது தசைவலி தரலாம். இரண்டாவதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்படியிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

காய்ச்சல், எடை குறைதல், கை கால் பலம் குறைதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் இருந்தால் வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80 என்று வந்திருக்கிறது. லூபஸா?

ஏ.என்.ஏ. என்பது உடம்பையே தாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ரத்த டெஸ்ட், லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய். அது மட்டும் வைத்து லூபஸ் என்று சொல்ல முடியாது. 1:80 நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே வரும். தோல் தடிப்பு, வாய்ப்புண், மூட்டு வீக்கம், சிறுநீரில் புரதம் என்று ஏதாவது இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. முதல் சுற்றில் ரத்த அணு எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் அழற்சிக்கு), டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்புக்கு), வைட்டமின் டி, சி.கே. (தசைக்கு) பார்த்தாலே பெரும்பாலும் போதும். முடி வளர பயோட்டின் சாப்பிடுபவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ரிப்போர்ட் பொய் சொல்லும்.

முழு உடம்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

வேண்டாம். வயதானால் வரும் டிஸ்க் தேய்மானம் நிச்சயம் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வருஷம் அலைவீர்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் தினமும் போடுகிறேன். சரியா?

இன்றே நிறுத்துங்கள். அது வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம். அட்டையைப் பார்த்து மற்ற மாத்திரை மாதிரி தினமும் போட்டு, கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் வந்து சேர்வது நடக்கிறது. ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். ஆனால் தரையில் உட்கார்ந்து எழத் தொடையில் பலமில்லை, எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் டி குறைவே மூலகாரணமாக இருக்கலாம், அதைச் சரி செய்தால் வலி போகும்.

வலிக்கு டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதினார். கடைக்காரர் அது மனநோய் மாத்திரை என்கிறார்.

மனச்சோர்வுக்கு அதே மாத்திரையை 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். வலிக்கும் தூக்கத்துக்கும் 10 முதல் 25 தான். படுக்கும்போது போடாமல் இரவு எட்டு மணிக்கே போடுங்கள். காலை மந்தம் குறையும். வாய் வறளும், மலம் இறுகும். பலன் தெரிய நான்கைந்து வாரம் ஆகும், பத்து நாளில் கைவிடாதீர்கள். கண் அழுத்தம், புராஸ்டேட், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். இதோடு ட்ரமடால் கலந்த வலி மாத்திரையை நீங்களாகச் சேர்ப்பது ஆபத்து.

நடக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் நடந்தேன், மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை.

நடை தப்பில்லை, அளவு தப்பு. மருந்துகளைவிட உடற்பயிற்சிக்குத்தான் இந்த நோயில் வலுவான சான்று இருக்கிறது. ஆனால் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். வலி குறைந்த நாளில் "இன்று நல்லா இருக்கே" என்று வீடு முழுக்கக் கழுவிவிட வேண்டாம். அன்றும் அந்த வாரத்து நிமிடக் கணக்குதான். வலி கூடிய நாளில் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள்.