மூடுபனியில் விக் நிற்குமா? மலைவாசிகளுக்கான காஸ்பிளே கேள்வி பதில்

விக் அலங்காரம் பற்றிக் கிடைக்கும் செய்முறைகள் எதுவும் நம் மலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. அப்படியே பின்பற்றினால் பாதிதான் பலிக்கும். குன்னூரில் பள்ளி நாடகங்களுக்கும், காஸ்பிளே, அதாவது கதை, திரைக் கதாபாத்திரங்களின் வேடம், போடும் பிள்ளைகளுக்கும் விக் தயார் செய்து கொடுக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் கைக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கல்லூரி மாணவி, உதகை: அக்கா, ஆன்லைனில் வாங்கிய நீல விக் பொம்மை முடிபோல மின்னுகிறது. சூடு தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பெட்டியை நம்பாதீர்கள், முடியைச் சோதித்துப் பாருங்கள். பிடரிப் பக்கம், உள்வரிசையில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சிறு கற்றையை வெட்டி எடுங்கள். ஸ்ட்ரெய்ட்னரை 120 டிகிரியில் வைத்து ஒருமுறை இழுங்கள். இழை சுருங்கி, நுனியில் மணிமணியாக உருகினால் அது சாதாரண இழை. அதற்கு வெந்நீரும் ஆவியும்தான் கதி. தாங்கினால் பத்துப் பத்து டிகிரியாக ஏற்றிப் பாருங்கள். நான் 160க்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் முடி உருகாவிட்டாலும் மொரமொரவென்று ஆகிவிடுகிறது.

மினுமினுப்புக்கு முகப்பவுடரே போதும். அகலமான பிரஷ்ஷில் தொட்டு, உதறி, உச்சியிலும் வகிட்டிலும் தட்டிவிடுங்கள். கறுப்பு விக்குக்கு வெள்ளைப் பவுடர் போட்டால் பொடுகு வந்ததுபோல இருக்கும். அதற்கு உலர் ஷாம்பூவில் கறுப்பு நிறமே கிடைக்கிறது.

கோத்தகிரி வாசகர்: அனிமே நாயகனின் முள்முள்ளான முடி. அறைக்குள் கம்பீரமாக நின்றது. படம் எடுக்க வெளியே போனோம், பனி இறங்கியது, அரை மணி நேரத்தில் எல்லா முள்ளும் தலைகுனிந்துவிட்டன. எந்த ஹேர் ஸ்பிரே வாங்க வேண்டும்?

ஸ்பிரேயை மாற்றினால் தீராது. செயற்கை இழை ஈரத்தைக் குடிப்பதில்லை. ஈரத்தில் இளகியது அதன்மேல் நீங்கள் அடித்த ஸ்பிரேயின் பசைப் படலம். முடியின் உருவம் இழையிலேயே பதிய வேண்டும், ஸ்பிரே அதற்குக் காவல் மட்டும்தான். பலர் முடியைக் கையால் நிறுத்திவிட்டு ஸ்பிரேயைக் கொட்டுகிறார்கள். கோயம்புத்தூரில் அது ஓரளவு நிற்கும், நம் ஊரில் நிற்காது.

ஒவ்வொரு முள்ளையும் இப்படிச் செய்யுங்கள். இரண்டு விரல் அகலக் கற்றையைப் பிரியுங்கள். அடியில் ஓர் அங்குலத்துக்கு, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சீப்பால் எதிர்வாட்டத்தில் வாரி அடர்த்தியாக்குங்கள். அந்தச் சிக்குதான் முள்ளுக்கு முதுகெலும்பு. இனி நுனியைப் பிடித்து வேண்டிய திசையில் இழுத்து, ஹேர் டிரையரின் சூட்டை வேர்ப்பகுதியில் காட்டுங்கள். இழை கைக்குள் தளர்வது தெரியும். அந்த நொடியில் டிரையரை அணைத்துவிட்டு, பிடித்த பிடியை விடாமல் நில்லுங்கள். சூட்டில் இழை வளையும், ஆறும்போதுதான் இறுகும். எல்லோரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். கற்றை முழுவதும் ஆறி, விரலுக்குச் சில்லென்று பட்ட பிறகு கையை எடுங்கள். மலைக் குளிர் நமக்கு உதவுவது இங்கே ஒன்றுக்குத்தான், அனுபவியுங்கள். அதன் பிறகு ஸ்பிரேயை மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பின் மற்றொன்றாக அடிக்க வேண்டும்.

நுனியைக் கூராக்க ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை நல்லதுதான். ஆனால் அது நீர் ஆவியானால்தான் இறுகும், ஈரம் பட்டால் மறுபடி வெளுத்து இளகும். ஜூலை மழையில் செய்வதானால் விசிறிக்கு முன்னால் வைத்து முழுக்கக் காயவிட்டு, மேலே ஸ்பிரேயால் மூடுங்கள். ஒரு சாணுக்கு மேல் நீளமான முள் என்றால் உள்ளே ஃபோம் கூம்பு வைத்துத் தொப்பியோடு தைத்துவிடுவதே மேல்.

குன்னூர் மாணவர்: தோடர் பெண்களின் தலைமுடிபோல நீளச் சுருள்கள் வேண்டும் அக்கா. எப்படிச் செய்வது? செய்யலாமா?

கற்பனைக் கதாபாத்திரத்துக்குச் சுருள் வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். அவர்களின் பூத்துக்குளிச் சால்வையும் போர்த்திக்கொண்டு தோடராகவே மேடையேறுவதாக இருந்தால் வேண்டாம் என்பேன். பக்கத்து மந்தில், அவர்கள் குடியிருப்பில், வாழ்கிறவர்களை நாம் வேடமாகப் போட்டுக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்கள் வெண்ணெய் தடவிச் சுருட்டுவார்கள். செயற்கை முடிக்கு வெண்ணெய் பிசுக்குதான் தரும். பென்சில் அல்லது மூங்கில் குச்சியில் கற்றையை இறுக்கமாகச் சுற்றி நுனியைக் கட்டுங்கள். விக்கைத் தெர்மாகோல் தலையில் குத்தி வைத்து, குச்சிகள்மேல் வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். இங்கே நம் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். உதகை 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாததும் இதனால்தான். சாதாரண இழைக்கு அந்தச் சூடு தாராளம். சூடு தாங்கும் இழைதான் பிடிவாதம் பிடிக்கும். அதற்கு ஒருமுறை ஊற்றினால் போதாது, இரண்டு மூன்று தடவை ஊற்றி, நடுவில் துண்டைப் போர்த்திச் சூட்டை நிறுத்துங்கள். பிறகு குச்சியை எடுக்காமல் முழுக்கக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட ஆகலாம். பொறுமையிழந்து கணப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ பக்கத்தில் வைத்தால் விக் போய்விடும்.

கொடைக்கானல் வாசகி: வெள்ளை விக்குக்கு ஹேர் டை போட்டேன். ஒரே அலசலில் எல்லாம் போய்விட்டது.

போகத்தான் செய்யும். ஹேர் டை மனித முடியின் செதில்களைத் திறந்து உள்ளே போய் வேலை செய்வது. பிளாஸ்டிக் இழையில் திறக்க எதுவும் இல்லை. அழியாத மார்க்கர் பேனாவின் மை நிரம்பிய பஞ்சை எடுத்துச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, தெளிப்பானில் அடியுங்கள். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் அவசியம். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. வெளிர் நிறத்தை அடர்த்தியாக்கலாம், அடர்த்தியானதை வெளுக்க முடியாது. காய்ந்தபின் அலசுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கழுத்தும் ஊதாவாகும்.

ஆசிரியை, கூடலூர்: ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஔவையார் வேடம் போடுகிறாள். விக் கண்வரை இறங்குகிறது.

டீச்சர், உள்தொப்பியின் பின்பக்கம், பிடரிக்கு நேராக, ஒரு மடிப்பு பிடித்துத் தையுங்கள். காதுக்குக் காது எலாஸ்டிக் ஓடட்டும். கொண்டையைத் தனியாகச் சவுரியில் செய்து ஊசி குத்துங்கள், விக்கின் முடியையே கொண்டையாகக் கட்டினால் பாரம் பின்னுக்கு இழுக்கும். இன்னொன்று: பளிச்சென்ற வெள்ளை மேடை விளக்கில் பஞ்சுபோலத் தெரியும். கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்தால்தான் கிழவி.

பழனியிலிருந்து: எங்கள் ஊரில் இல்லாத முடியா! மனித முடி விக் தானே உயர்ந்தது?

மொட்டைக்குப் பெயர்போன ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். தினசரி அணிவதற்கு மனித முடிக்கு ஈடில்லை. காஸ்பிளேக்கு அது வீண்செலவு. ஈரம் பட்டதும் போட்ட சுருள் தளர்ந்து பழைய நிலைக்குப் போய்விடும். நீங்கள் அடிவாரத்தில் அலங்கரித்து எடுத்துக்கொண்டு கொடைக்கானல் ஏறினால் கோக்கர்ஸ் வாக்கில் அது வெறும் முடியாகத்தான் இருக்கும்.

உதகை வாசகர்: விக்கைச் சென்னையில் நடக்கும் காமிக் கான் காஸ்பிளே விழாவுக்கு எப்படிக் கொண்டுபோவது?

தலையோடு சேர்த்து. தெர்மாகோல் தலையின் அடியை அட்டைப் பெட்டியின் தரையில் ஒட்டி, டி வடிவ ஊசிகளால் விக்கைப் பொருத்துங்கள். முள் எதுவும் பெட்டிச் சுவரைத் தொடக் கூடாது. மலைப்பாதை வளைவுகளைவிட எனக்குப் பயம் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே உள்ள வெயில்தான். பசைத் துப்பாக்கியால் ஒட்டிய அலங்காரம், வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் இளகிப் பெயர்ந்துவிடும். பாரமானவற்றை ஊசி நூலால் தைத்துவிடுங்கள்.

குன்னூர் வாசகி: விக்கின் நெற்றி ஓர லேஸ் வலையில், ஒட்டும் டேப்பின் பிசின் போகவில்லை. பெட்டியில் வைத்த விக் பூஞ்சை வாடை அடிக்கிறது.

பிசினுக்கு நம் நீலகிரித் தைலமே மருந்து. பஞ்சில் தொட்டு லேஸைத் துடைத்து, பிறகு ஷாம்பூவில் அலசுங்கள். நேரடியாக நெற்றியில் தேய்க்க வேண்டாம், தீப்பற்றக்கூடிய எண்ணெய் என்பதால் அன்று டிரையரும் வேண்டாம். வாடைக்குக் காரணம் ஈரத்தோடு மூடி வைத்தது. அலசி, தொப்பியின் உட்புறம் வெளியே தெரியத் திருப்பிக் காயவைத்து, துணிப்பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள். வாடையும் போகாது, தெர்மாகோல் தலையையும் அது இளக்கிவிடும்.