டேப்லெட்டா, டீச்சரா?

அன்புள்ள ஐயா,

சென்னைக் குடிசைப் பகுதிகளில் அறக்கட்டளைகள் நடத்தும் மாலை வகுப்புகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ராமேஸ்வரத்தில் நாங்களும் ஒரு ஷெட்டில் முப்பது பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வகுப்பு நடத்துகிறோம். எல்லாரும் படகுக் கூலிக்குப் போகிறவர்கள், கோயிலைச் சுற்றித் தள்ளுவண்டிக் கடை போடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். சொல்லித்தருவது பி.எட். முடித்த எங்கள் தெருப் பெண். வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பத்து டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்கிறார். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கேட்டால், 'சேவைக்கு எதற்குச் சம்பளம்?' என்கிறார். என்ன பதில் சொல்வது?

எம்., ராமேஸ்வரம்

அன்புள்ள எம்.,

முதலில் சம்பளம், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாதவர்கள் இல்லை. மதியச் சோறு உண்டு. 2023இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் உண்டு. ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திக்கித் திணறித்தான் படிப்பான். பாடத்தை முடிக்க வேண்டிய வாத்தியார் அவனுக்காகத் திரும்பிப் போக முடியாது. வீட்டில் சொல்லித்தரவும் ஆளில்லை. உங்கள் ஷெட் அதற்குத்தான். எத்தனாவது வகுப்பு என்று பார்க்காமல், யாருக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வையுங்கள். 1990களில் மும்பைச் சேரிகளில் தொடங்கிய 'பிரதம்' அமைப்பு நாடெங்கும் கொண்டுபோன முறை இது. அவர்களும் அந்தந்தப் பகுதிப் பெண்களை வைத்து, கோயிலிலும் வீட்டு முன்னறையிலும்தான் தொடங்கினார்கள்.

'கொக்கு' என்பதைக் 'காக்கு' என்று வாசிக்கிற பிள்ளைக்குக் கால் தெரிகிறது, முன்னால் இருக்கும் கொம்பு கண்ணில் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தின்மேல் விரல் வைக்கச் சொல்லி, இன்னொரு தரம் படி என்கிற ஆள்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

இன்னொன்று உங்கள் கடற்கரைக்கே உரியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் காசு வற்றிக் கிடக்கும் நேரத்தில் பள்ளி திறக்கும். நோட்டு, பை என்று செலவு வரும். விடுமுறையில் அக்னி தீர்த்தக் கரையில் பாசிமணி விற்று நாலு காசு பார்த்த பையன் அப்படியே நின்றுவிடுவதும் அப்போதுதான். 'தம்பிய ஏன்க்கா அனுப்பல?' என்று வாசலில் போய் நிற்க உங்கள் தெருப் பெண்ணால்தான் முடியும். ஆகவே மே மாதம் ஷெட்டை மூடாதீர்கள்.

சம்பளம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். 2021இல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் அரசே தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. என்னைக் கேட்டால் அது குறைவு. கைக்காசு இல்லாமல் ஒரு பட்டதாரிப் பெண் எத்தனை நாள் வருவாள்? தனியார் பள்ளியில் வேலை கிடைத்ததும் போய்விடுவாள், போகத்தான் வேண்டும். முப்பது பிள்ளைகளும் புது ஆளிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

டேப்லெட் தருகிறேன் என்கிற ஊர்க்காரர் பக்கமும் புரிகிறது. டேப்லெட் கொடுத்தால் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், சம்பளத்தை எப்படிப் போட்டோ எடுப்பார், பாவம்! அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் அனுப்புங்கள்: எழுத்தில் நின்ற எத்தனை பேர் சொல்லுக்கு வந்தார்கள், சொல்லில் நின்றவர்களில் பத்தி படிக்கிறவர்கள் எத்தனை பேர். பெயர் போட வேண்டாம்.

டேப்லெட் இரண்டு போதும். உப்புக்காற்று சார்ஜ் போடும் இடத்தை அரித்துவிடும், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.